துரைக்குப் பதில் எழுதும் திரேசா மிஸ்

காலை ஆறரைக்குத் திரேசா மிஸ் எங்கள் மஹய்யாவ வீட்டுப் படிக்கட்டில் நின்று பருந்து தேடி அண்ணாந்து பார்க்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. போனால், "டேய், வானத்தை மறைக்காதை!" என்பார். வானத்தை மறைக்கும் அளவுக்கு நான் வளரவில்லை. ஆனாலும் தினமும் போவேன்.

எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருக்கிறார். ஊர் யாழ்ப்பாணம், வேலை தேயிலைக் கம்பனியில் டைப்பிங். அங்கே ஒரு தகரப் பெட்டியில், தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் தொண்ணூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்த தம்பிக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள் கிடந்தன. எல்லாம் பருந்துக் கதை. மிஸ் அவற்றைக் கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதி, வலப்பக்கத்தில் அதே தேதிக்குத் தமிழில் பதில் எழுதுகிறார். "துரை அவர்களுக்கு, நீங்கள் கண்ட கருங்கழுகுச் சோடி ஹந்தானை மலையில் இன்றும் உண்டு. கோழிக்குஞ்சு திருடும் வைரிப் பருந்தும் சுகம்." எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும்.

சண்டை கேட்கும் மந்திரிமாரைப் பத்திரிகை பருந்துகள் என்று எழுதினால் மிஸ்ஸுக்குக் கோபம் வரும். "பருந்து பசிச்சாத்தான் கொல்லும். வயிறு நிரம்பினா சும்மா இருக்கும். அதை ஏன் இவையளோட சேர்க்கினம்?"

நான் இன்றைக்கு வீட்டில் சோறு தின்கிறேன் என்றால் அது மிஸ்ஸால்தான். அதற்காக அவர் மூன்று நாள் பொலிஸில் அடைபட்டிருந்தார்.

எண்பத்தேழு சித்திரை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்திருந்த நேரம். கொப்பியில் மிஸ்ஸின் பதிலுக்குக் கீழே என் கோணல் எழுத்தில் பகிடிக்கு எழுதிவைத்தேன்: "துரை, இன்று இரும்புப் பருந்து ஒன்று முகாமில் இறங்கியது. வயிற்றிலிருந்து பதினொரு குஞ்சுகள், எல்லாம் துவக்கோடு." துப்பாக்கியோடு இராணுவத்தினரை இறக்கிய ஹெலிகொப்டரைத்தான் சொன்னேன். மிஸ் சிரிப்பார் என்று நினைத்தேன்.

மிஸ் பார்ப்பதற்குள் பொலிஸ் பார்த்தது. கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள். வீடு வீடாகச் சோதனை. தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் றிஸ்வி கொப்பியைப் புரட்டினார்.

"மிஸ், இந்தத் தொர இப்ப எங்க ஈக்கிறார்?"

"பரலோகத்தில. போய் எழுபது வருசம்."

றிஸ்விக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் அது நின்றுபோனது. முகாமில் எத்தனை பேர் துவக்கோடு இறங்கினார்கள் என்று யாரோ தகவல் எழுதியிருப்பதாக இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் என் வயதைக் கேட்டார். பதினாறு. அதே வயதில் இரண்டு பேரை அன்று காலையில்தான் ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். ஒருவன் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

"இத யாரு எழுதின?" என்று றிஸ்வி அந்த வரியை மிஸ்ஸிடம் காட்டினார்.

"நான்தான்," என்றார் மிஸ்.

"எழுத்து வேறயா ஈக்கிதே மிஸ்?"

இன்ஸ்பெக்டர் ஒரு தாளைக் கிழித்து, பென்சிலோடு மேசையில் தள்ளினார். அதே வரியை எழுதிக் காட்ட வேண்டும். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"பெரியாக்கள் கதைக்கேக்க நீ பேசாம இரு," என்றார் மிஸ்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பென்சிலை இடக்கைக்கு மாற்றினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, அச்சு அசல் என்னைப்போலக் கோணலாக எழுதத் தொடங்கினார்.