மேரி திருப்பிய படகு

நானும் என் மனைவி மேரியும் பொன்னேரியில் இருக்கிறோம். எனக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை. ஞாயிறு காலைகளில் பழவேற்காடு ஏரியில் இருவரும் சின்னப் பாய்ப்படகு ஓட்டிப் பழகுவோம். இருவரும் என்று சொல்வது பொய். சுக்கான் எப்போதும் என் கையில்தான் இருக்கும். "நானும் கொஞ்சம் புடிக்கிறேனே" என்று அவள் கேட்டால், "உனக்கு இன்னா தெரியும்? பேசாம உக்காரு" என்பேன்.

தண்ணீரில் விழுந்தவரை மீட்கும் பயிற்சிக்காக அன்று ஒரு காலி கேனை வீசினேன். நான்கு முறை முயன்றும் அதன் பக்கத்தில் படகை நிறுத்த முடியவில்லை. ஐந்தாவது முறை ஆத்திரத்தில் வெடுக்கெனத் திருப்பினேன். பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து தலையில் மோதி, தண்ணீரில் விழுந்தேன். புழுக்கத்துக்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்தேன். முகத்துவாரம் பக்கம் என்பதால் ஆழமும் இழுப்பும் அதிகம். எனக்கு நீச்சல் அரைகுறைதான். படகு அவளோடு விலகிப் போனது.

"கேனைப் புடிச்சிக்கினு இருங்க! வந்துகினே இருக்கேன்!"

மேரி படகைச் சுற்றிக் கொண்டுவந்தாள். என்னை நெருங்கியதும் காற்றுக்கு எதிராகத் திருப்பி, பாய்க்கயிற்றைத் தளரவிட்டாள். படகு என் தோளருகே நின்றது. சட்டையைப் பிடித்து மேலே இழுத்தாள்.

மூச்சு வந்ததும், "எங்க கத்துக்கின?" என்று கேட்டேன்.

"நீங்க ஒவ்வொரு வாட்டியும் இன்னா தப்பு பண்றீங்கன்னு பாத்துக்கினுதான இருந்தேன்."

கரைவரை அவளே ஓட்டினாள். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு எதெல்லாம் தெரியாது என்று நானே முடிவு செய்திருக்கிறேன் என்று யோசித்தபடி வந்தேன். ஒன்றைக்கூட அவளிடம் கேட்டதில்லை.