பதினெட்டாம் வருஷத்து மாலை

அம்சா அழுது நான் பார்த்ததில்லை. புதுப்பட்டினத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதெல்லாம் பாத்திரம் கழுவும் சத்தமும் அவள் புருஷன் சரணம் சொல்லும் சத்தமும்தான். நான் தையல்காரி. அம்சா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்துவிட்டு வந்து, வீட்டிலும் சமைத்து வைத்துவிட்டு, என்னிடம் வந்து உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துத் தருவாள். எனக்கு வாய் ஓயாது, அவளுக்கு வாய் திறக்காது. அதனாலேயே ஒத்துப்போனது.

அவளை வளர்த்தது அம்மா முனியம்மாதான். செங்கல்பட்டில், கொளவாய் ஏரிப் பக்கம் நாற்று நட்டு, களை பறித்து, இவளையும் தம்பி துரையையும் ஆளாக்கினவள். நோன்பு மாதத்தில் மகளைப் பார்க்க வந்தால் எங்கள் வீட்டுக் கஞ்சியில் உப்பு பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் குடிப்பாள். அப்படி ஒரு கிழவி. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அம்சாவின் புருஷன் பூபாலன் கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டர். எனக்குத் தம்பி வயசு, அதனால் அவன் இவன் என்றே சொல்கிறேன். குழந்தை வேண்டும் என்று சபரிமலைக்கு மாலை போட ஆரம்பித்தான். குழந்தை வரவில்லை, மாலையும் நிற்கவில்லை. இது பதினெட்டாவது வருஷம். பதினெட்டு முடித்துவிட்டால் மலையில் தென்னங்கன்று வைத்துவிட்டு வருவான், அப்புறம் அவனே குருசாமி. தெருவில் நாலு பேர் அவன் கையால் மாலை போட்டுக்கொள்வார்கள். கார்த்திகையிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. அம்சா விடியுமுன் குளிப்பாள், தனிப் பாத்திரத்தில் சமைப்பாள், கட்டின புருஷனைச் ‘சாமி’ என்று கூப்பிடுவாள்.

கிளம்புகிற அன்று காலை அவன் பிள்ளையார் கோயில் கொட்டகைக்குப் போய்விட்டான். அம்சா என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து இருமுடிக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். தலையில் சுமந்துபோகும் அந்த இரண்டு அறைப் பையை வருஷா வருஷம் நான்தான் தைத்துத் தருவது. போன் வந்தது. “ம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு “ம்”. போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நாடாவைக் கோத்து முடித்தாள்.

“எங்கம்மா பூடுச்சாம் அமீனாக்கா. துரை சொல்றான்.”

எழுந்திரு, செங்கல்பட்டுக்குக் கிளம்பு என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. மாலை போட்டவனுக்கு மாமியார் சாவும் தீட்டுதான், சேதி தெரிந்தால் மாலையைக் கழற்ற வேண்டும் என்றாள். அதுவும் நிஜம்தான். போன வருஷம் மாமனார் செத்துப்போன ஒருவனுக்குச் செல்வராஜ் குருசாமி நடுத்தெருவில் மாலையைக் கழற்றிவிட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த ஆள் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

என் நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு அழைத்துப் போகிறேன் என்று அவனிடம் ஒரு பொய் சொல்கிறேன் என்றேன். இருமுடி கட்டும்போது வீட்டு ஆள் மூன்று கை அரிசி அள்ளிப் போட வேண்டும், இந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நாலு மணி வரைக்கும் எடுக்காமல் வைத்திருப்பதாகத் துரை சொன்னானாம். வேன் மூன்று மணிக்கு. அது போனதும் ஆட்டோ பிடித்தால் அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம். அவ்வளவுதான் அவள் கணக்கு.

கொட்டகைக்கு வெளியே ரோட்டோரமாக நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூபாலன் தேங்காய்க்குள் நெய்யை ஊற்றி அடைத்தான். குருசாமி கூப்பிட்டதும் அம்சா போய் நின்றாள். அந்த நேரத்தில் செங்கல்பட்டில் அவள் அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருப்பார்கள். பெற்ற மகள் இங்கே நின்று பைக்குள் அரிசி போட்டாள். மூன்று தடவை அள்ளினாள், ஒரு மணிகூடச் சிந்தவில்லை. அவள் முகத்தில் எதுவுமே இல்லை, சத்துணவுக் கூடத்தில் உலைக்கு அரிசி போடுகிற அதே முகம். பூபாலன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாமி ஞாபகத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வேன் வரவில்லை. டயர் மாற்றப் போயிருக்கிறது என்றார்கள். டயரை வாங்கப் போனானா, ரப்பர் மரம் நடப் போனானா என்று நான் கத்தினேன். துலுக்க வீட்டு அம்மாவுக்கு நம்ம யாத்திரையில் இன்னா அக்கறை பாரு என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்சா சாமிகளுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. அவள் எடுக்கவில்லை. அடுத்த டம்ளரை நிரப்பினாள்.

வேன் வந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. பூபாலன் கொட்டகை வாசலில் வேறொரு தேங்காயை உடைத்துவிட்டு ஏறினான். மலைக்குப் போகிறவன் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, திரும்பியும் பார்க்கக்கூடாது என்பது முறை. முறைப்படியே போனான்.

ஆட்டோ கழுக்குன்றத்தைத் தாண்டியது. பால் பாக்கெட்டை வெளியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றாள். போனால் போகட்டும் என்றேன். கையைப் பிடித்தேன், மரக்கட்டை மாதிரி கிடந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். துரை அப்போதுதான் சுடுகாட்டில் எல்லாம் முடித்து, மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். அக்காவைக் கண்டதும் உடைந்துபோனான். முடிந்த வரைக்கும் பார்த்தேன், பெரியவர்கள் பொழுது சாய்கிறது என்று விடவில்லை என்று அழுதான். அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். தலையை ஆட்டினாள்.

“மாமா கெளம்பிட்டாராக்கா?” என்று கேட்டான். “காலையில மொதல்ல அவருக்குத்தான் போன் போட்டேன். இது என் காதுல விழல துரை, நீ அம்சாகிட்ட சொல்லிக்கோன்னாரு. அவ என்கிட்ட சொல்ல மாட்டா, எனக்குத் தெரியும்னு சொல்லி வெச்சிட்டாரு.”

அட பாவி! சாவு வீடு என்றும் பார்க்காமல் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அம்சா திட்டவில்லை. தம்பியை நிமிர்ந்து பார்த்து, அவர் அப்படியா சொன்னார் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

வேனுக்குள் சரணம் சொல்வது எனக்கே கேட்டது. அவன்தான் முதலில் பேசினான். வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டாயா என்று கேட்டான்.

“நான் செங்கல்பட்டுல கீறேன்” என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “எங்கம்மா செத்துப்போச்சு. மூஞ்சியகூட பாக்கல. இப்ப உன் காதுல விழுந்துச்சா?”

அந்தப் பக்கம் சரணம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“விழுந்துச்சான்னு கேக்கறேன்.”

அவன் முகத்தைப் பார்த்தோ என்னவோ, வேனில் ஒவ்வொருவராகச் சரணத்தை நிறுத்துவது கேட்டது. கடைசியில் பூபாலன், “விழுந்துச்சு” என்றான்.

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தெருக்குழாய்க்கு எழுந்து போனாள்.