இரண்டு நோர்வே வீடுகள்

நோர்வேயில் என் வகுப்புப் பிள்ளைகளைச் சிறைச்சாலை பார்க்கக் கூட்டிப்போனபோது, கைதி ஒருவர் எங்களுக்கு வஃபல் சுட்டுத் தந்தார். வஃபல் என்றால் அந்நாட்டின் இனிப்புத் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஜாம் வேறு. ஆளைக் குத்திவிட்டு உள்ளே வந்தவர் அவர். அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை, மேசையில் பூச்சாடி. காவலர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவருடைய அம்மாவின் சுகம் விசாரித்தார். பிள்ளைகள் 'தக்' என்று நன்றி சொல்லி வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் என் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அங்கே நான் எட்டாம் வகுப்புக்குச் சமூகக்கல்வி படிப்பிக்கிறேன். குற்றங்களும் அவற்றின் காரணங்களும் என்று ஒரு பாடம் இருக்கிறது. உலகப்படத்தைத் தொங்கவிட்டு, தகரக் குடிசைகள் நெருக்கும் பெருநகரங்களையும், போதைப்பொருள் போகிற பாதைகளையும், போர் முடிந்த பிறகும் துவக்குகள் மிஞ்சிய நாடுகளையும் காட்டுவேன். வேலையில்லாத இளைஞர், உடைந்த குடும்பம், பாதியில் நின்ற படிப்பு என்று காரணங்களைப் பலகையில் எழுதுவேன். வெட்டியவனுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும், அதைக் கேட்கப் பழகுங்கள் என்று வாய் கிழியச் சொன்னவள் நான். என் தம்பியை வெட்டும்வரை அதைச் சொல்வது எனக்கு லேசாகத்தான் இருந்தது. அந்தச் சிறைச்சாலைக்குப் போனது அதற்குப் பிறகு.

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நான் கட்டிய வீட்டில் தம்பி ஜெயந்தன்தான் குடும்பத்தோடு இருக்கிறான். தோட்டக்காரன். வெங்காயமும் புகையிலையும் வைப்பான். லான்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரத்தால் மற்றவர்களின் காணியையும் உழுது கொடுப்பான். ஒருநாள் பின்னேரம் கேற்றைப் பூட்டப் போனவனை, முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்த பொடியன்கள் வாளால் வெட்டினார்கள். தலையைக் காக்கக் கையைத் தூக்கியிருக்கிறான். வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். லான்ட்மாஸ்ரரின் கைபிடியை இனி அவனால் பிடிக்க ஏலாது.

செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் இருந்து அழுதேன். கூடப் படிப்பிக்கும் இங்க்ரிட் என் தோளைத் தடவி, "அந்தப் பையனை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டாள். தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் நிற்கிறாள் என்றேன். "இல்லை, வெட்டிய பையனை" என்றாள். நல்ல மனுசி, அந்த நாட்டில் அப்படித்தான் கேட்பார்கள். கோப்பியை அவள் முகத்தில் ஊற்றாமல் விட்டதே பெரிய காரியம். அவன் கை அழுகிப் புழுக்கவேண்டும் என்று தமிழில் சொன்னேன். பிரார்த்தனை என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. பிடிபட்டு மறியல் சிறையில் இருக்கும் பொடியனின் தாய் எங்கள் கேற்றடியில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "உங்கடை தம்பியிலை அவனுக்கு ஒரு கோவமும் இல்லையம்மா. பிரான்சிலை, பரிசிலை இருக்கிற குணம் எண்டவர் சொல்லித்தான் செய்தவங்கள். நோர்வே வீட்டுக்காரனை வெட்டச் சொன்னவராம். ஆனா அது இந்த நோர்வே வீடு இல்லையாம்."

எங்கள் ஊரில் வீட்டிலக்கம் யார் பார்க்கிறார்கள்? லண்டன் வீடு, சுவிஸ் வீடு, கனடாக்காரர் வீடு என்றுதான் அடையாளம். எங்கள் ஒழுங்கையில் நோர்வே வீடு இரண்டு. தொடக்கத்தில் இருப்பது என்னுடையது. கடைசியில் இருப்பது வேறொரு குடும்பத்தினுடையது. அவர்களுடைய வேலி குணத்தின் காணிக்குள் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறதாம். அந்த ஒரு சாணுக்காக அவன் பரிசில் இருந்துகொண்டு இங்கே வாள் அனுப்பியிருக்கிறான், சண்டாளன். வந்தவர்கள் முதலில் கண்ட நோர்வே வீட்டோடு வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதைப் பொலிசில் வந்து சொல்லச் சொன்னேன். தாய் என் காலைப் பிடித்தாள், மற்றப் பிள்ளைகளையும் வாழவிட மாட்டார்கள் என்று.

அந்தக் கிழமையே சனசமூக நிலையத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஊர்ப் பிள்ளைகள் வாள்வெட்டுக் கூட்டங்களோடு சேராமல் இருக்க, உலகத்தில் குற்றங்கள் ஏன் நடக்கின்றன என்று நான் ஒரு வகுப்பு எடுக்கவேண்டுமாம். பிரதம விருந்தினர் யார் என்று கேட்டேன். "எங்கடை குணம் அண்ணைதான். பரிசிலை இருந்து வந்து நிக்கிறார். நிலையத்துக் கதிரையெல்லாம் அவரின்ரை அன்பளிப்பு." எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளைகளின் வாயாலேயே அவனை நாறடிக்காமல் பிளேன் ஏறுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

தம்பிக்குச் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போனது.

"அக்கா, உங்கடை கால்லை விழுறன், சும்மா இருங்கோ. நீங்கள் ஏறிப் போயிடுவியள். நானும் பிள்ளையளும் இஞ்சை இருக்கவேணும். திருப்பி வருவாங்கள்."

"வரட்டும். நானும் நிக்கிறன்."

"எவ்வளவு நாளைக்கு?"

ஆனாலும் போனேன். அவனும் பின்னாலேயே வந்தான், என்னை நம்பாமல்.

பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். தாய் தகப்பன்மார் பின்னால் சுவரோரம் நின்றார்கள். முன்னுக்கு வெள்ளைத்துணி போர்த்த கதிரைகள். எனக்கும் குணத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் ஒரேமாதிரி மாலை போட்டார்கள். "தங்கச்சி நோர்வேயோ? அங்கை குளிர் சரியான கடுமை என்ன?" என்று குணம் கேட்டான். வெட்டுப்பட்ட வீட்டுக்காரி நான்தான் என்று தெரியாமல் கேட்டானா, தெரிந்தே கேட்டானா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

உலகப்படத்தைக் காட்டி வழக்கமான பாடத்தைச் சொன்னேன். பிறகு, "இனி எங்கடை ஊருக்கு வருவம்" என்றேன். "வாள் ஆரின்ரை கையிலை?"

"பொடியன்ரை கையிலை" என்றார்கள்.

"அவனுக்கு மோட்டார் சைக்கிள் குடுத்தது ஆர்?"

"அவன்ரை குறூப்."

"குறூப்பை ஏவினது ஆர்?"

ஒவ்வொரு பதிலையும் பலகையில் எழுதி அம்புக்குறி போட்டுக்கொண்டே போனேன். கடைசி அம்புக்குறிக்குப் பிறகு இடத்தை வெறுமையாக விட்டேன். முன்வரிசையில் இருந்த இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி கையை உயர்த்தினாள். "வெளிநாட்டுக்காரர், ரீச்சர்."

கதிரைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தேன். குணத்தின் விரல்கள் மாலையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அப்படிப் போடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "பலத்துச் சொல்லம்மா" என்றேன்.

"வெளிநாட்டிலை இருக்கிற ஆக்கள்தான் காசு அனுப்பி வெட்டுவிக்கிறவை." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "நீங்களும் வெளிநாடுதானே, ரீச்சர்? நீங்களும் அனுப்புவியளோ?"

நக்கல் இல்லை. பாடத்தில் விளங்காததைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். பாயில் இருந்த அத்தனை கண்களும் என்னைப் பார்த்தன. அவனை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தத் தாய் வந்து சொன்ன நாளிலிருந்து, குணத்தை வெட்டக் காசு கொடுத்து ஆள் பிடித்தால் என்ன என்றுதான் நானும் படுத்தாலும் எழும்பினாலும் யோசித்துக்கொண்டிருந்தேன். பலகைப் பக்கம் திரும்பி வெண்கட்டியைத் தேடினேன். "கெட்டிக்காரப் பிள்ளை!" என்று முதலில் கைதட்டியவன் குணம்தான். ஊரும் தட்டியது.

தேநீர் கொடுத்தார்கள். குணம் கோப்பையை இடது கையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வலது கையைக் கொடுத்தான். சுவரோரம் நின்ற தம்பி மெல்ல நடந்து வந்தான். அந்த இரண்டு விரல் கையை அப்படியே குணத்தின் உள்ளங்கையில் வைத்து இறுக்கினான். விடவில்லை.

"அண்ணை, உங்கடை பொடியள் வீடு மாறி வந்திட்டாங்கள்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கிட்ட நின்றவர்கள் வாயருகே கொண்டுபோன கோப்பையோடு நின்றார்கள். குணத்தின் தேநீர் வெள்ளை வேட்டியில் ஊற்றுப்பட்டது. தம்பி கையை எடுத்துக்கொண்டு சுவரோரம் திரும்பிப் போனான்.

செயலாளர் அவசரமாக நன்றியுரையைத் தொடங்கினார். நான் தம்பியோடு போய் நிற்கப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். "நீங்கள் அங்கை போய் இருங்கோ அக்கா. உங்கடை கதிரை அதுதானே."

போய் இருந்தேன். நன்றியுரை முடியும்வரை குணம் வேட்டியில் பட்ட தேநீர்க் கறையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வயிறு குளிர அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற தம்பிக்கு, மாலை போட்ட எங்கள் இரண்டு பேரின் முதுகும் ஒரேமாதிரித்தான் தெரிந்திருக்கும்.