என் பிளக் ஏறாத மதியம்

மூன்று நாட்டுப் படைகள் சேர்ந்து பயிற்சி செய்யும் பாலைவன கேம்ப். அதற்கு கரண்ட் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. அமீரகத்தில் பல வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஃபோர்மேனாக அங்கே போனேன். ஒரு நாட்டை எவனாவது அடித்தால் தங்களையே அடித்ததாக நினைத்து மற்றவர்களும் வந்து நிற்பார்கள் என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். அதற்குத்தான் பயிற்சி.

நான் செய்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தைய பயிற்சியில் ஒரு படையின் சமையல்காரர்கள் இன்னொரு படையின் லைனில் அடுப்பைச் செருகி, பிரேக்கர் விழுந்து, பெரிய சண்டை. திட்டு வாங்கியது நான். அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு படைக்கும் வேறு வேறு அளவில் பிளக்கும் சாக்கெட்டும் போட்டேன். "இனி எவன் திருடுறான்னு பார்க்குறேன்" என்று ரூமில் பீற்றிக்கொண்டேன்.

நாலாம் நாள் மதியம் ஒரு படையின் மருத்துவக் கூடாரத்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் மணல் அடைத்து என்ஜின் கொதித்துக்கிடந்தது. உள்ளே வெயில் தாக்கி விழுந்த சிப்பாய் ஒருவர் நினைவில்லாமல் படுத்திருந்தார். நர்ஸ் சுகந்தி, யாழ்ப்பாணத்துப் பெண், வெளியே ஓடிவந்தாள்.

"அண்ணை, ஒக்சிஜன் மெஷின் பற்றரியில அரை மணித்தியாலம்தான் நிக்கும். ஏசி இல்லாட்டி இவற்ற சூடும் இறங்காது. எப்ப கரண்ட் வரும்?"

"என்ஜின் ஆறவே ஒரு மணி நேரம் ஆகும்மா."

நாற்பது அடி தள்ளி, பக்கத்து நாட்டுப் படையின் ஜெனரேட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு போன் போட்டேன்.

"ஒரு நாட்டு மிஷின்ல இன்னொரு நாட்டு லோடைக் கொடுக்க பெர்மிட் வேணும்யா. பேப்பர் இல்லாம தொட்டே, விசா கேன்சல்தான்."

ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் அந்த ஜெனரேட்டருக்குப் பொறுப்பான சார்ஜென்ட் காலிதிடம் ஓடினேன். அவருக்கு இந்தி தெரியும். விஷயத்தைச் சொன்னேன், பேப்பர் இல்லை என்பதையும் சொன்னேன்.

"பாய், அவனுக்கு அடி விழுந்தா எனக்கும் விழுந்த மாதிரின்னு எங்க பெரியவங்க ஏற்கெனவே ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டாச்சு. இன்னொரு பேப்பர் எதுக்கு? யல்லா, சீக்கிரம் வா" என்றார். லோடு தாங்க வேண்டுமென்று தன் ஆபீசர்களின் ஏசி பிரேக்கரை அவரே இறக்கினார்.

அவர் ஜெனரேட்டரிலிருந்து கேபிளை இழுத்துக்கொண்டு வந்து கூடாரத்து சாக்கெட்டில் செருகினேன். ஏறவில்லை. எப்படி ஏறும், நான் போட்ட பூட்டாயிற்றே. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிளக்கை வெட்டி எறிந்தேன். செத்த ஜெனரேட்டருக்குக் கரண்ட் திரும்பிப் போகாமல் அதன் லைனைத் துண்டித்துவிட்டு, ஒயர்களை நேராக டெர்மினலில் ஏற்றினேன். டெஸ்டர் வைத்தால் பேஸ் வரிசை மாறியிருந்தது; அப்படியே விட்டால் ஏசி மோட்டார் தலைகீழாகச் சுற்றும். நிறுத்தி, இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன். பிரேக்கரை ஏற்றியதும் கூடாரத்துக்குள் ஏசி உறுமியது.

சாயங்காலம் சுகந்தி வந்தாள். "கண் முழிச்சிட்டார் அண்ணை. தண்ணி கேக்கிறார்." மணலில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மூன்று நாட்டு ஆபீசர்களும் கூப்பிட்டார்கள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். மேஜைமேல் நான் வெட்டிய பிளக் கிடந்தது.

"இதை இப்படிப் போட்டது யார்?"

"நான்தான் சார். ஒருத்தர் கரண்டை இன்னொருத்தர் எடுக்கக் கூடாதுன்னு."

மூத்த ஆபீசர் சிரித்துவிட்டார். "எடுக்கணும்னுதானேப்பா நாங்க இங்க வந்திருக்கோம்."

இப்போது எல்லாப் படைக்கும் ஒரே அளவு பிளக். பயிற்சியின் முதல் நாள், நோயாளி யாரும் வருவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை நானே நிறுத்துவேன். பக்கத்துப் படை கேபிள் கொண்டுவந்து செருகும். காலித் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு வருடமும் நேரம் குறைகிறது.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். துணைக்கு வருவேன் என்று ஒருவர் சொன்னால் சந்தோஷம். அவர் பிளக் நம் சாக்கெட்டில் ஏறுகிறதா என்று, எல்லோரும் நன்றாக இருக்கிற நாளிலேயே ஒரு தடவை செருகிப் பாருங்கள்.