விளிம்பில் தட்டிய வாளி

எங்கள் டார்னெய்ட் வீட்டுக் கராஜில் நெளிந்த தகர வாளி ஒன்று இருக்கிறது. அதன் வயிற்றில் கறுப்பு மையால் எழுதிய ஒரு டச்சுச் சொல்: க்ரூன்லாண்ட்ஸ். கிரீன்லாந்துச் சனத்தின் பேச்சு, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாவற்றுக்கும் டச்சுக்காரருக்கு அந்த ஒரு சொல்தான். சொல்லில் குற்றமில்லை. அதைத் துப்பியவனின் வாயில்தான் குற்றம்.

மீன் வெட்டும் ஆலையில் எங்கள் சூப்பர்வைசர் அந்தப் பனித்தீவில் பிறந்தவள், புருஷன் டச்சுக்காரன். அவள் ஈரலைப் பச்சையாகத் தின்றால் அந்தச் சொல்லும் ஓர் அறையும். தன் மொழியில் பாடினால் அந்தச் சொல்லும் ஓர் உதையும். கன்றிய கண்ணோடு வேலைக்கு வருவாள். எங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் நாங்கள் இந்த நாட்டுக்குப் படகில் வந்த அகதிகள், தற்காலிக விசாக்காரர். பொலிஸிடம் போனால் விசா போய்விடும் என்ற பயம். வாயை மூடிக்கொண்டு மீனை வெட்டினோம்.

ஒருநாள் மத்தியானம் அந்த நாசமாய்ப் போவான் ஆலைக்குள்ளேயே வந்துவிட்டான். அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்து, குளிரறைக் கதவில் முகத்தை மோதினான். மறுபடி மோதியபோது பல் தெறித்து என் சப்பாத்தடியில் விழுந்தது. எங்களோடு மீன் வெட்டும் மன்னார் அண்ணர் கத்தியைத் தூக்கினார். "விடுங்கோ, இண்டைக்கு இவனை வெட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை!"

கத்தியைக் கீழே போடச் சொல்லி அவள்தான் கத்தினாள். பிறகு வாளியைத் தூக்கி, அதன் விளிம்பில் ஒரு தடியால் தட்டத் தொடங்கினாள். அவர்கள் ஊரில் பகையாளிகள் எதிரெதிரே நின்று, மேளத்தின் விளிம்பில் தட்டி, ஊர் பார்க்க ஒருவரையொருவர் வைது பாடுவார்களாம், கோபப்பட்டவன் தோற்றவன். முன்பு சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது சும்மா கதை என்று இருந்துவிட்டோம். இப்போது வாயால் ரத்தம் வழிய, உடைந்த ஆங்கிலத்தில் பாடினாள். அவன் தன் தாயின் போனுக்கு நடுங்குவது, எலியைக் கண்டு கதிரையில் ஏறியது, அவளை எங்கெங்கே எதனால் அடித்தான் என்பது. ஒவ்வொன்றின் முடிவிலும் அதே சொல். எலிக் கதையில் நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு ஒரு சனியன், தொடங்கினால் அடங்காது. ஆலை முழுக்கச் சிரித்தது. அவனுக்கு வெறி ஏறியது. வாளியை உதைத்து நெளித்தான், அவள் விலாவையும் உதைத்து முறித்தான். தரையில் கிடந்தபடி, அவன் தோற்றுவிட்டான் என்று அவள் எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

பொலிஸ் வந்து யார் கண்டது என்று கேட்டது. "நான் கண்டனான்" என்றார் அண்ணர். பிறகு நான். பிறகு மற்ற எல்லோரும். "ஊராய் நிண்டு சிரிச்சனாங்கள் எல்லோ. விசா போனாப் போகட்டும்" என்றார் அவர். விசா போகவில்லை, அவன்தான் மறியற்சாலைக்குப் போனான். வழக்கு முடிந்த அன்று அவள் வாளியில் அந்தச் சொல்லைத் தன் கையால் எழுதி, முதலில் சிரித்த எனக்குத் தந்தாள்.

நேற்று மகள் கறிவேப்பிலைக் கன்று நடவென்று அதை எடுத்தாள்.

"வை அதை!"

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பக்கெட்."

"பக்கெட்டோ? ஒரு பல்லும் விலா எலும்பும் குடுத்து வாங்கினது பிள்ளை, அது."