குலுக்கிக் கட்டிய டின்

1969 ஆவணியில் பலகாரக் கொட்டகைக்கு வேலைக்கு வந்தபோது ஞானமணிக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் வியாகுலம் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போய்ப் படுத்திருந்தார். அதற்கு முன் அவள் தேவகோட்டையில் ஒரு வீட்டில் சமையல் செய்தாள். ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டுத் தானே போய்ச் சொன்னாள். அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். தப்பு நடந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

கொட்டகை காரைக்குடியில், வீரலட்சுமி ஆச்சி வீட்டுப் பின்கட்டில் இருந்தது. ஐந்து பெண்கள் வேலை செய்தார்கள். அங்கே ஒரு வழக்கம். கருகியது, உடைந்தது, உப்புக் கூடியது எல்லாம் மதியம் ஒரு தாம்பாளத்துக்கு வந்துவிடும். செய்தவள் எப்படி நடந்தது என்று சொல்வாள். எல்லாரும் எடுத்துத் தின்பார்கள். ஆச்சியின் தப்பும் அதே தாம்பாளத்தில்தான்.

“பாகை அடுப்புல விட்டுட்டு எங்குட்டுப் போனீக ஆச்சி?” என்பாள் கூட வேலை செய்யும் சிட்டாள்.

“பால்காரன்ட்ட சண்டைக்கு. பாகும் கருகிருச்சு, சண்டையிலயும் தோத்துட்டேன்.”

மற்றவர்கள் சிரிப்பார்கள். ஞானமணி சிரிக்க மாட்டாள். யாரை வெளியே அனுப்பலாம் என்று பார்க்கும் தந்திரம் இது என்றே நினைத்தாள்.

டின் கட்டுவது அவள் வேலை. பினாங்குக்குச் சரக்குக் கொண்டுபோகும் சம்சுதீன் தை மாதம் திரும்பி வந்து, வாசலிலேயே நின்று சொன்னார்: “நாப்பது டின்னு சீப்புச் சீடையில பாதி தூளாப் போச்சு ஆச்சி. பங்குனிப் பயணத்துக்கும் இப்படின்னா வேற எடம் பாத்துக்கிறேன். கோவிச்சுக்காதீக.”

அவர் போனால் பாதி வேலை போகும். முதலில் நிற்கப்போவது கடைசியாக வந்தவள்.

காரணம் ஞானமணிக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் அரிசி அளக்கிற எந்தப் பெண்ணும் படியைக் குலுக்கி, கும்பாரமாகத்தான் கொடுப்பாள். குறைய அளப்பது கேவலம். அதே மனசோடு, உள்ளே கூடாகக் குழல்போல் இருக்கும் அந்தச் சீடையை ஒவ்வொரு டின்னிலும் குலுக்கிக் குலுக்கி, மூடி அழுந்த நிரப்பியிருந்தாள்.

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தன் வேலை போகும், சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கும் போகும் என்று மூன்று நாள் கணக்குப் பார்த்தாள். நாலாம் நாள் மதியம், சம்சுதீன் காட்டுவதற்கென்று திருப்பிக் கொண்டுவந்திருந்த டின் ஒன்றைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். பொலபொலவென்று தூள்.

“நாந்தான் ஆச்சி. படி மாதிரிக் குலுக்கிட்டேன்.”

ஆச்சி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். “ருசிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. குலுக்காம வச்சா எடம் கெடக்கும், ஆடி ஒடையும். என்ன செய்யலாங்கிறே?”

நாளைக்கு வராதே என்பதற்குக் காத்திருந்த ஞானமணி, கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தாள்.

“வளையல்காரரு வளையல் ஒடையாம வைக்கோல் வச்சுக் கட்டுவாரு...”

“வைக்கோலையும் அவுக திங்கணுமாக்கும்,” என்றாள் சிட்டாள்.

ஞானமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வேணாம். பொரி வைப்போம்.”

பயணத்தில் உடைகிறதா என்று பார்க்க, மறுநாள் பொரி போட்ட டின் ஒன்று தேவகோட்டை பஸ்ஸின் கூரையில் ஏறியது. பொழுதுக்கும் போய்ப் போய் வந்தது. பொரி முழுக்க அடியில் இறங்கி, மேலே சீடை நொறுங்கியிருந்தது. அதையும் உட்கார்ந்து தின்றார்கள். பிறகு வரிசைக்கு வரிசை தாள் விரித்து, இடையில் பொரி பரப்பிப் பார்த்தார்கள். கண்டக்டர், “இந்த டின்னுக்கு டிக்கெட் போடணும்போல,” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். ஏழாவது டின்னில் இரண்டே இரண்டு உடைந்திருந்தன.

பங்குனியில் சம்சுதீன் வந்து டின்னைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். “சத்தத்தையே காணோமே. என்னையக் காலி டின்னு சொமக்க விடுறீகளா?”

“அவகிட்டக் கேளுங்க,” என்றார் ஆச்சி.

ஞானமணி மூடியைத் திறந்து, பொரியை விலக்கிக் காட்டினாள். அவர் கையை விட்டு அடியிலிருந்து ஒரு சீடையை எடுத்தார். முழுசாக வந்தது.

“அறுபது கட்டும்மா.”

“கட்டுறேன் பாய். ஆனா அங்குட்டு இந்தப் பொரியத் திங்கிறாகளா, கொட்டுறாகளான்னு பாத்துட்டு வந்து சொல்லணும். கொட்டுறாகன்னா, வேற ஏதாச்சும் வச்சுப் பாக்கணும்.”