ஆண் ரம்புட்டான்

என் மனைவிக்குச் சொந்த ஊர் கேரளத்தில் ஒரு மலையோரக் கிராமம். காதல் கல்யாணம். அவளுடைய அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் காஞ்சிபுரம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாமியார் மட்டும் வாரம் தவறாமல் போன் செய்வார். மகள் பிறந்தபோது ஒருமுறை தனியாக வந்தார், பை நிறைய ரம்புட்டான் பழத்தோடு. தின்ற கையோடு என் மனைவி ஒரு கொட்டையைப் பின்பக்கம் துவைகல்லுக்கு அருகில் ஊன்றினாள். காயவிட்டால் அது முளைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மழைக்காட்டு மரம் அது. நிழலும் ஈரமும் கேட்கும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் இலையின் ஓரமெல்லாம் தீய்ந்துவிடும். பழைய வேட்டியை மேலே பந்தலாகக் கட்டித்தான் அதைக் காப்பாற்றினாள். என் அம்மா தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். மருமகள்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை, மரத்தின்மேல்தான்.

"நாலு கத்திரிச்செடி வெச்சிருந்தா கொழம்புக்காச்சும் ஆயிருக்கும். இதுக்கு இன்னாத்துக்குமா இவ்ளோ தண்ணி ஊத்திக்கினு இருக்க?"

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு மரம் பூத்தது. கிளை நுனியெல்லாம் பச்சை வெளுப்பில் பொடிப்பூக்கள், சுற்றிலும் தேனீ. என் மனைவி தினமும் காலையில் போய் நின்று பார்ப்பாள். பூவெல்லாம் உதிர்ந்தது. பிஞ்சு ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டும் அப்படியே.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவன். மூன்றாம் முறை பூத்தபோது ஒரு கொத்தைப் பறித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூவுக்கு இதழ் கிடையாது. மகரந்தத் தாள்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நடுவில் சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். பூ பூவாகப் பிரித்தேன். எல்லாமே அப்படித்தான் இருந்தது.

"இது ஆண் மரம்மா," என்றேன். "விதை போட்டு வளர்த்தா பாதிக்குப் பாதி இப்படி ஆயிடும். பூக்கும், காய்க்காது."

"ஒருநாளும் காய்க்காதா?" என்றாள் என் மனைவி.

அம்மா, பட்டுப்புடவை அலசுவதற்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தார். இதுவும் அந்தப் பூந்திக்கொட்டை மரமும் ஒரே குடும்பம் என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. "வெட்டிடலாமா?" என்று அம்மாகூடக் கேட்கவில்லை, மருமகளின் முகம் அப்படி இருந்தது.

அந்த வாரம் போன் வந்தபோது என் மனைவி ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மாமியார் "அய்யோ" என்றார். அவருக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது: "வெட்டண்டான்னு பற."

வெட்ட வேண்டாம் என்று சொல். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய காதில் விழுந்த அப்பாவின் முதல் வார்த்தை அது.

"அச்சா?" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். பதிலுக்கு மாமியார்தான் வந்தார். "கொம்பு எத்தனை தடின்னு கேக்கறார்."

"என் மணிக்கட்டு அளவுன்னு சொல்லுங்க."

"மணிக்கட்டு அளவாம்," என்று மாமியார் திரும்பிச் சொன்னார். அப்பா, மகள் இரண்டு பேருக்கும் எல்லாம் நேராகவே கேட்டுக்கொண்டிருந்தது.

மாமனார் ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தவர். இரண்டு கிளையை மட்டும் வெட்டிவிடு, மற்றதைத் தொடாதே, மகரந்தத்துக்கு ஆண் கிளையும் வேண்டும், வெட்டிய இடத்தில் துளிர் வரட்டும், அதில் காய்க்கிற மரத்தின் மொட்டை ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். ஆவணி மழை தொடங்கியதும் அவரே வந்து இறங்கினார். காய்க்கிற மரத்தின் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி, அதற்கு மேல் வாழைமட்டை வைத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வீட்டுக்குள் வந்ததும் நேராக மரத்தடிக்குப் போனார்.

என் மனைவியைக் கூப்பிட்டு பிளாஸ்டிக் நாடாவைப் பிடிக்கச் சொன்னார். துளிரின் பட்டையைச் சின்னச் சதுரமாக உரித்து, கொண்டுவந்த குச்சியிலிருந்து பெயர்த்த மொட்டை அதில் பதித்து, சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "கல்யாணத்துக்கு வந்திருக்கணும்," என்றார்.

"கட்டு அவிழுது அச்சா," என்றாள். அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை. அடுத்த மொட்டுக்கு நாடாவை நீட்டினாள்.

போர்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றார். "ரம்புட்டானுக்கு இது ஆகாதம்மா."

"அப்ப மாடியில உழுற மழத்தண்ணிய ட்ரம்முல பிடிச்சு வெக்கிறேன்," என்றார் அம்மா.

மொட்டுகளில் பெரும்பாலானவை கருகின. இரண்டு பச்சையாக நின்றன. அவை கிளையாகிப் பூத்துக் காய்க்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. கிடைத்தவை ஒரு கை அளவுப் பழங்கள், அவற்றிலும் சில உள்ளே வெறுமை. அந்தச் சமயம் மாமனார் இங்கேதான் இருந்தார். இப்போதெல்லாம் மழைக்கு மழை வந்துவிடுகிறார். பழத்தை முதலில் அம்மாவுக்கு உரித்துக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் அம்மா. "ஆனா சதை கொட்டையோடவே ஒட்டிக்கினு வருதுபா."

"கொட்டையிலேருந்து கழண்டு வர்ற நல்ல ஜாதி வேற இருக்கு," என்று சொல்லி அவர் எழுந்து, அடுத்து எந்தக் கிளையை வெட்டலாம் என்று பார்க்கப் போனார்.